முதல் டியூற்றி மேசையிலா, கட்டிலருகிலா?

ஆசிரியர் அவர்கட்கு,

தாதியம் படித்து முடித்த பிள்ளைக்கு எங்கே வேலை பார்க்கலாம் என்று விசாரிக்கிறவர்கள் இப்போது கூடவே ஒன்றையும் சொல்லிவிடுகிறார்கள்: "வாட்டு வேண்டாம், ஒரு கதிரை வேலையாய்ப் பாத்துச் சொல்லுங்கோ." இதைச் சோம்பல் என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். ஆனால் வன்னியில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். இரவு டியூற்றி காலை ஏழு மணிக்கு முடிந்தாலும் உள்ளூருக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது வேறு கணக்கு. பொய்க்காலோடு படித்து முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். முதுகில் எடுக்காமல் விட்ட செல் துண்டோடு நோயாளியைத் தூக்கிப் புரட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர ஒரு அம்மம்மாகூட வீட்டில் இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே மேசையில் தொடங்குவதே தப்பு என்று நாங்கள் எழுதவில்லை. எந்த மேசை என்பதுதான் கேள்வி. நோயாளி வந்து முன்னால் இருக்கிற மேசை வேறு. நோயாளியின் தாள் மட்டும் வந்து விழுகிற மேசை வேறு. முதலாவதில் தொடங்கிய பிள்ளை பின்னர் வாட்டுக்குப் போனாலும் தடுமாறாது. இரண்டாவதில் தொடங்கியவர், யாரும் கவனிக்காவிட்டால், மூன்று வருடத்தில் சீருடை போட்ட எழுதுவினைஞர் ஆகிவிடுவார்.

பலர் கேட்டுப் போவதுமில்லை, இழுத்து வைக்கப்படுகிறார்கள். விடுதிக்கு, அதாவது வாட்டுக்கு, புதிதாக வந்தவர்களில் ஒருத்திக்குக் கணினி நன்றாக வரும் என்று வையுங்கள். முதற் கிழமை, "தங்கச்சி, இந்த அறிக்கையை ஒருக்கா அடிச்சுத் தாங்கோ" என்பார் சிஸ்ரர். அடுத்த மாதம் அது மாதாந்த அறிக்கை. மூன்றாம் மாதம் அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு கதிரை. ரோஸ்ரரில், அதாவது டியூற்றி அட்டவணையில், பெயர் விடுதியில்தான் நிற்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார். விடுதியில் ஒரு கை குறைந்திருக்கும், கணக்கில் குறைந்திராது. ஆளணி கேட்டு எழுதும்போது "உங்களுக்குத்தான் ஆள் இருக்கே" என்று பதில் வரும். தட்டச்சுத் தெரியாதது ஒரு பாக்கியம் என்று விடுதிகளில் பகிடி விடுவதுண்டு. அது முழுப் பகிடி அல்ல.

தாள் மட்டும் வருகிற மேசையில் புதியவருக்கு என்ன குறை என்பதை ஒரு பி.எச்.ரி.யை வைத்தே காட்டலாம். கட்டில் தலைச்சீட்டு என்று எழுதி, வாயால் பி.எச்.ரி. என்றே சொல்கிற அந்தத் தாள்கட்டைத் திறந்து அவதானிப்பு அட்டையைப் பாருங்கள். சுவாச வீதம் காலை 6 மணிக்கு 20, 10 மணிக்கு 20, 2 மணிக்கு 20, 6 மணிக்கு 20. மேசையில் இருப்பவருக்கு இது நிரம்பிய அட்டை, குறையே இல்லை. கட்டிலருகே நின்று பழகியவருக்கு இது எண்ணாமல் எழுதிய அட்டை. மனிதர் மூச்சு நான்கு தரமும் அப்படி ஒரே எண்ணில் நிற்பதில்லை. நாடி பிடிப்பதுபோல மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நேரமில்லாதபோது முதலில் கைவிடப்படுவது இந்த ஒரு நிமிடம்தான். இரத்த அழுத்தம் விழுவதற்கு எவ்வளவோ முன்பே ஏறத் தொடங்குவதும் இந்தச் சுவாச வீதம்தான். நான்கு பதிவும் ஒரே பேனையில், ஒரே சரிவில், ஒரே அழுத்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு நேரமும் ஒரே நேரத்தில் எழுதப்பட்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க, அப்படி எழுத மனம் உந்துகிற நேரம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

டெங்கு அட்டை இன்னும் நுட்பமானது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிற ஆபத்துக் கட்டத்துக்குள் நுழைகிறார், இரத்த ஓட்டம் குலைகிற அதிர்ச்சி நிலை இல்லை என்று கொள்வோம். அவருக்குக் கொடுக்கக்கூடிய நீரின் கணக்கு இது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, மீதி 30 கிலோவுக்கு 20: ஆக 2100. அதோடு உடல் எடையின் ஐந்து வீதம், அதாவது கிலோவுக்கு 50 மில்லிலீற்றர்படி, 2500. மொத்தம் 4600 மில்லிலீற்றர். வாயால் குடிப்பதும் சேலைனும் எல்லாம் சேர்த்து 48 மணித்தியாலத்துக்கு இவ்வளவுதான். சராசரி மணிக்கு 96 வருகிறது என்று மேசை கணக்குப் போடும். ஆனால் இதைச் சமமாகப் பிரித்து ஏற்றுவதில்லை. கசிவு கூடும்போது கூட்டி, அடங்கும்போது குறைத்துத்தான் போக வேண்டும். எப்போது கூட்டுவது என்று சொல்வது சிறுநீரும் பி.சி.வி. என்கிற இரத்தச் செறிவு அளவும் நாடியும் கை கால்களின் சூடும். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை முதல் ஒரு மில்லிலீற்றர், இவருக்கு 25 முதல் 50 வரை போக வேண்டும். ஒரு நாள் மொத்தம் 900 என்று அட்டையின் அடியில் எழுதியிருந்தால் தாள் பார்ப்பவருக்குத் திருப்தி; சராசரி 37. மேலே போய் மணிக்கணக்கைப் பார்த்தால் முதல் பன்னிரண்டு மணித்தியாலத்தில் 800, அடுத்த பன்னிரண்டில் 100 என்று இருக்கலாம். 100 ஐப் பன்னிரண்டால் பிரித்துப் பாருங்கள், மணிக்கு எட்டுக்குச் சற்று மேல்தான் வருகிறது. மொத்தம் சரியாக இருக்கும்போதே ஆள் அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருப்பார். மேசைக்கு வந்து சேர்வதோ அந்த 900 மட்டும்தான்.

அடுத்தது தொலைபேசி மேசை. வன்னி வைத்தியசாலைகளில் நோயாளி இடமாற்றம் அன்றாட வேலை: மல்லாவியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் மாவட்ட வைத்தியசாலைகளுக்கு, அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு. அழைப்பு எடுப்பவரும் ஏற்பவரும் பெரும்பாலும் தாதிய உத்தியோகத்தர்கள். பெயர், வயது, நோய், அனுப்பும் வைத்தியர் என்று நான்கு விடயத்தை எழுதிவிட்டு வைத்துவிடுவது மேசைப் பழக்கம். கேட்க வேண்டியவை வேறு: கடைசியாக எடுத்த அழுத்தமும் நாடியும் எத்தனை மணிக்கு, எந்த மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, நாளத்தில் போட்ட கனுலாக் குழாய் எத்தனை இருக்கிறது, வேலை செய்கிறதா, கூட வருவது யார், ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது. கடைசிக் கேள்வியைக் கேட்பவர் குறைவு. அம்புலன்ஸில் வைக்கிற சிறிய உருளைகளில் ஒன்று நிரம்பியிருந்தால் 680 லீற்றர் கொள்ளும். நிமிடத்துக்கு 10 லீற்றர் போனால் 68 நிமிடம். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வரைக்கும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னும் அவ்வளவு. உருளை ஆனையிறவைத் தாண்டும்போதோ அதற்குச் சற்றுப் பின்னரோ முடிந்துவிடும். அழுத்தம் காட்டும் முள் பாதியில் நிற்கும் உருளையோடு புறப்பட்டால் பரந்தன் சந்திக்கே வந்து சேராது. இதை ஒருமுறை அம்புலன்ஸில் போய்ப் பார்த்தவர் தொலைபேசியில் கேட்காமல் விடமாட்டார்.

வெளிநோயாளர் பிரிவு வாசலில் யாரை உடனே உள்ளே விடுவது, யாரை வாங்கில் இருத்துவது என்று பிரிக்கிற மேசைக்குப் புதியவரை அனுப்பவே கூடாது. கதிரைதானே என்று அங்கேதான் பல இடங்களில் முதலில் அனுப்புகிறார்கள். வயல் காவலுக்குப் போய்க் கொட்டிலில், அல்லது வீட்டு விறாந்தையில் பாயில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி, சத்தி என்று வருகிறார். கடித்த இடம் தெரியாது, வீக்கம் இல்லை, நோவும் இல்லை. அனுபவமில்லாதவர் வயிற்றுவலி என்று எழுதி வரிசையில் விட்டுவிடுவார். எண்ணெய் விரியன், கட்டு விரியன் என்று ஊரில் சொல்கிற பாம்பு அப்படித்தான் கடிக்கும்: இரவில், தரையில் தூங்குபவரை, வலியில்லாமல். கேட்க வேண்டியது, "எங்கே படுத்தனீங்கள்?" பார்க்க வேண்டியது, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்தச் சொல்லி, இமை தொங்குகிறதா என்று. பிறகு எச்சில் விழுங்கச் சொல்லி. இமை தொங்கத் தொடங்கினால் அடுத்து மூச்சுத் தசைகள்.

கண்ணாடி விரியன் என்றால் இருபது நிமிட உறைதல் சோதனை. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் நாளத்து இரத்தம் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்தி, ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். சவர்க்காரத்தில் கழுவிய குழாயிலும் பிளாஸ்ரிக் குழாயிலும் நல்ல இரத்தமே உறையாமல் நிற்கும். விஷம் ஏறாதவருக்கும் ஏறியதாகக் காட்டும். இடையில் எடுத்து எடுத்து ஆட்டிப் பார்ப்பதும் சோதனையைக் கெடுக்கும். "உறையவில்லை" என்ற ஒரு சொல் தாளில் வந்து விழும்போது, எந்தக் குழாய் என்று கேட்கிற வாய் வேண்டும்.

தொற்றுக் கட்டுப்பாட்டு மேசையும் தரமுகாமைத்துவ மேசையும் கூடப் பிந்தியவைதான். இருபது வருடம் சேவை செய்த சிஸ்ரரிடம் போய் "அக்கா, கை கழுவேல்லை" என்று சொல்ல வேண்டிய வேலை அது. இருபத்தைந்து வயதில் சொல்லிப் பாருங்கள். தாதியருக்குத் தலைவியான மேற்றனின் அலுவலக மேசையில் கற்பதோ லீவுக் கணக்கு மட்டும்தான்.

அப்படியானால் புதியவருக்கு உகந்த மேசை எது? எங்கள் எண்ணத்தில் நீரிழிவு, அழுத்தக் கிளினிக் மேசையும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்து மேசையும். அங்கே நோயாளி முன்னால் இருப்பார், கை வேலை செய்யும், இரவு டியூற்றி இல்லை. பொய்க்காலோடு இருப்பவரும் இருந்தபடியே முழுமையான தாதிய வேலை செய்யலாம். உதாரணத்துக்கு, பாதப் பரிசோதனை. நோயாளியின் காலைச் சிறு வாங்கில் ஏற்றி வைத்து, 10 கிராம் நைலோன் இழையைத் தோலுக்குச் செங்குத்தாக வைத்து, இழை வளையும் வரை அழுத்தி, ஒன்றிரண்டு விநாடியில் எடுக்க வேண்டும். முதலில் கையில் தொட்டுக் காட்டி, பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் நுனியிலும் பாதத்தின் முன்பக்க மேட்டிலும் தொட வேண்டும். தடித்த தோலிலும் ஆணியிலும் வைத்தால் உணர்வு இல்லை என்று பிழையாக வரும். "தெரியுதா, தெரியுதா?" என்று ஒவ்வொரு தொடுகைக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் நோயாளி தயவுக்குத் தலையாட்டிவிடுவார். எங்கே தெரிகிறது என்று அவராகச் சொல்ல வேண்டும். செருப்பில்லாமல் வயலுக்குள் இறங்குகிற ஊரில் இந்தச் சோதனை ஒரு காலைக் காப்பாற்றும்.

இன்சுலின் போடுபவரிடம் சிறிஞ்சையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே குப்பியில் வருவது மில்லிலீற்றருக்கு 100 அலகு. அதற்குரிய சிறிஞ்சின் மூடி செம்மஞ்சள். இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சிவப்பு மூடிச் சிறிஞ் 40 அலகு மருந்துக்கானது. 100 அலகு மருந்தை அதில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 அலகு, இரண்டரை மடங்கு. "சீனி திடீரெண்டு இறங்கி மயங்கி விழுறார்" என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் சிறிஞ் இருக்கலாம். குளிரூட்டி இல்லாத வீடுகளில் குப்பியை எங்கே வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இன்னொரு சிறு முட்டி வைத்து, அதற்குள் குப்பியை வைத்து நிழலில் வைக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரித் தட்டில் வைத்த மருந்துக்கு வேகம் குறைந்துபோகும். கிளினிக்குக்கு வராமல் விட்டவர்களைத் தேடுவதும் இந்த மேசையின் வேலை. வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோயாளர் இருக்கிற கிராமங்களில், விட்டுப்போன ஒரு கிளினிக் நாள் என்பது வெறும் சிவப்புக் கோடு அல்ல.

இனிக் கை மறக்காமல் இருப்பது பற்றி. "கிழமைக்கு ஒரு சிப்ற் வாட்டில் நிற்கிறேன், போதும்தானே?" என்பார்கள். கணக்குப் பாருங்கள். ஆறு மணித்தியாலம், வருடத்துக்கு 48 கிழமை: 288 மணித்தியாலம். கிழமைக்கு 36 மணித்தியாலம் வாட்டில் நிற்பவருக்கு அது எட்டுக் கிழமை. ஒரு வருடம் முழுவதும் போய் வந்தாலும் சேர்வது எட்டுக் கிழமை அனுபவம்தான். ஆகவே மேசைக்கு முன்பே மூன்று மாதமாவது தொடர்ச்சியாக மருத்துவ விடுதியில் நிற்கக் கேளுங்கள். உடல் இடந்தராதவர்கள் தூக்கும் வேலை தவிர்த்த ஒழுங்கோடு கேட்கலாம். பிறகு கிழமைக்கு ஒரு சிப்ற். அது பார்வையாளர் வருகிற பின்னேரமாக இருக்க வேண்டாம், சுற்றும் மருந்தும் நடக்கிற காலையாக இருக்கட்டும். இயலுமானவர்கள் மாதத்துக்கு ஒரு இரவாவது நில்லுங்கள்.

ஒரு கொப்பி போடுங்கள். கனுலா 20, சிறுநீர்க் குழாய் 5, மூக்குவழிக் குழாய் 5, ஈ.சி.ஜி. 10, டியூற்றி ஒப்படைப்பு 10 என்பது எங்கள் கணக்கு. திகதி, விடுதி, பார்த்தவரின் ஒப்பம். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் பயிற்சி ஆறு மாதத்துக்கு ஒருமுறை: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எண்கள் மனத்தில் நிற்கும். ஆழம் கையில் நிற்பதில்லை, சில மாதத்திலேயே குறைந்துவிடும்.

தனியாரிடம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சனலிங் நிலையத்திலோ காப்புறுதிக் கோரிக்கை பார்க்கிற கம்பனியிலோ சேரும்போது நியமனக் கடிதத்தில் பதவி என்ன என்று வாசியுங்கள். "வரவேற்பாளர்" என்று இருந்தால், நீங்கள் அங்கே நாளாந்தம் நாற்பது பேருக்கு அழுத்தம் பார்த்திருந்தாலும், அது பின்னர் தாதிய அனுபவமாக எடுபடாது. வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் பதிவுக்குப் பிந்திய இரண்டு வருடக் கட்டிலருகு அனுபவத்தையும், எந்த விடுதி, எத்தனை கட்டில் என்ற விபரத்தோடு கடிதத்தையும் கேட்கிறார்கள். பிரித்தானியாவில் பதிவு பெற ஒஸ்கி என்ற செய்முறைத் தேர்வு இருக்கிறது, பத்து நிலையங்கள். தொற்று நீக்கிய முறையில் புண் கட்டுவதை அங்கே எழுதிக் காட்ட முடியாது. மேசை வேலையில் இரவு டியூற்றியும் மேலதிக நேரமும் குறைவதால் மாதக் கடைசியில் கையில் வருவதும் குறையும். வீட்டார் இதையும் முன்பே கணக்குப் பார்ப்பது நல்லது.

மேசையில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு வாட்டுக்குத் திரும்புகிறவரை முதல் நாளே இருபது கட்டிலில் தனியே விடாதீர்கள். முதற் கிழமை நான்கு கட்டில், அவதானிப்பும் குளிப்பாட்டலும் உணவும். இரண்டாம் கிழமை இன்னொருவரோடு சேர்ந்து மருந்து. மூன்றாம் கிழமை பாதி விடுதி. நான்காம் கிழமைதான் இரவு, அதுவும் துணையோடு. மருந்துப் பிழைக்குப் பயப்பட வேண்டியது திரும்பி வந்த முதல் மாதத்தில். பெயர் மாறிய மருந்து, புதிய செறிவில் வந்த குப்பி, கேட்க வெட்கம்: மூன்றும் ஒன்றாகச் சேர்கிற மாதம் அது.

வைத்தியசாலைப் பொறுப்பாளர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. புதியவரை மேசைக்கு இணைக்கும் கடிதத்தில் நான்கு விடயம் எழுதுங்கள்: எந்த மேசை, யாருடைய மேற்பார்வை, கிழமையில் எந்த நாள் எந்த விடுதியில் நிற்பார், எந்தத் திகதியில் விடுதிக்குத் திரும்புவார். அதே கிழமை ரோஸ்ரரிலும் அவரது பெயரை விடுதியிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆளணிக் கணக்கு உண்மை சொல்லட்டும். பிள்ளைகளே, திரும்பும் திகதி இல்லாத கடிதம் கையில் கிடைத்தால் அன்றைக்கே திகதி கேட்டு எழுதிக் கொடுத்து, பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒப்பமும் வாங்கிக் கோவையில் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்கள் சிலர்,
கிளிநொச்சி.